கை படாமல் ஒரு சோதனை

ஷெரோன்: எழும்புங்க அண்ணன். முதல்ல அந்தக் கதிரையை விட்டு எழும்புங்க.

சதீசன்: ஏன்கா? கதிரை என்ன செஞ்சது உனக்கு?

ஷெரோன்: கதிரை ஒண்டும் செய்யல்ல. அதில இரிக்கிற ஆளிலதான் பயம். கம்பியூட்டரில உங்கட பேரில திறந்து கிடக்கிற எல்லாத்தையும் மூடுங்க. மூடிட்டு வெளிய வாங்க.

சதீசன்: பத்து வருஷமா இந்தச் சேவர் அறையைப் பார்க்கிறன். நேத்து வந்த கம்பஸ் பிள்ளை என்னை அறையை விட்டுக் கலைக்குது.

ஷெரோன்: எட்டு மாசம்.

சதீசன்: என்ன எட்டு மாசம்?

ஷெரோன்: நான் வந்து. நேத்து இல்ல.

சதீசன்: எட்டு மாசத்துப் பிள்ளை தவழும். நீ எழும்பி ஓடப் பார்க்கிற.

ஷெரோன்: திறப்பைத் தாங்க.

சதீசன்: அறையையும் பூட்டப் போறியா?

ஷெரோன்: ஓம். பதினொண்டரைக்கு என்ட புரோகிராம் தானா எழும்பணும். குளத்து அளவைப் படிக்கணும். மெசேஜ் அனுப்பணும். அது வரைக்கும் உள்ளுக்க ஒரு பல்லியும் இரிக்கப்படாது.

சதீசன்: பல்லி இரிக்கும். அதுக்கு லீவு குடுக்கிற அதிகாரம் நமக்கு இல்ல.

ஷெரோன்: போனை விட்டிட்டு வாறீங்க.

சதீசன்: அதுவும் வேணுமா?

ஷெரோன்: உங்கட நம்பரும் டெஸ்ட் பட்டியலில இரிக்கு. எடுங்க. வாங்க, வெளிய அந்த வாங்கில இருப்பம். ஆத்துப் பக்கத்தால காத்து வருது.

சதீசன்: சனிக்கிழமையில ஆபீஸுக்குக் கூப்பிட்டு, கதவையும் பூட்டி, காத்து வாங்கச் சொல்லுறா. ம்... இரிக்கன். சொல்லு. மெசேஜ் வியாழக்கிழமை வந்தது, நேத்தும் வந்தது. மூண்டாந்தரம் எதுக்கு?

ஷெரோன்: பாரத்தில மூண்டு கட்டம் இரிக்கு. ஆரும் தொடாம மூண்டு தரம் ஓடினாத்தான் கையெழுத்து.

சதீசன்: கட்டம் நிரப்பத்தான் வந்தாறுமூலைக் கம்பஸில நாலு வருஷம் படிப்பிச்சாங்களோ?

ஷெரோன்: நிரப்பாம விட்டா என்ன நடக்கும் எண்டும் படிப்பிச்சாங்க.

சதீசன்: குப்பை. நான் பார்த்த மட்டுக்கும் குப்பைதான் இந்தப் புரோகிராம். பத்து வரியில முடிக்கிறதை முன்னூறு வரியில எழுதி வெச்சிரிக்கா.

ஷெரோன்: நீங்க பத்து வரியில எழுதினதை நான் இன்னும் கண்ணால காணல்லியே. எத்தின தரம் கேட்டன்?

சதீசன்: அது... சேவர் மாத்தக்குள்ள எங்கயோ தட்டுப்பட்டுப் போயிட்டு. தேடியும் கிடைக்கல்ல.

ஷெரோன்: தட்டுப்பட்டுப் போனது போன கிழமையும் மெசேஜ் அனுப்பினது.

சதீசன்: எழுதின கோப்புத்தான் தட்டுப்பட்டது. ஓடுறது ஓடுது. உனக்கு விளங்காது.

ஷெரோன்: விளங்காதுதான். உடம்பு இல்லாம உசிர் மட்டும் ஓடுது.

சதீசன்: மூண்டு மாரி ஓடினதுகா அது! கட்டமும் இல்ல, கையெழுத்தும் இல்ல. மேலிடத்தில இருந்து பாராட்டிப் பலகை அடிச்சுக் குடுத்தாங்க. பார்த்திருப்பாய்.

ஷெரோன்: பார்க்காம? வாசல்ல தொங்குது. "முழுவதும் தானியங்கி." தூசு துடைக்கத்தான் ஒரு ஆள் தேவை.

சதீசன்: வாய்... இந்த வாயோட உன்னை ஆர் கட்டப் போறான்?

ஷெரோன்: தானியங்கியாப் பார்த்து ஒண்டைக் கட்டுவன். மணி என்ன?

சதீசன்: பதினொண்டு தாண்டிப் பத்து நிமிஷம். இன்னும் இருபது. இருபது நிமிஷமும் உன்ட முகத்தையா பார்க்கிற?

ஷெரோன்: ஆத்தைப் பாருங்க.

சதீசன்: ......

ஷெரோன்: ......

சதீசன்: போன மாரியில பட்டிக்காரர் தயிர் முட்டி ஆறு கொண்டு வந்து குடுத்தாங்க தெரியுமா? மெசேஜ் நேரத்துக்கு வந்தது, மாடெல்லாம் தப்பிச்சது எண்டு. "இது உங்கட புரோகிராமுக்கு" எண்டாங்க.

ஷெரோன்: புரோகிராம் சாப்பிட்டதா?

சதீசன்: நான் சாப்பிட்டன்.

ஷெரோன்: அதுவும் தானாத்தான் நடந்திருக்கும்.

சதீசன்: நக்கல்! அவங்க உன்னை மாதிரி இல்ல. ஒரு மெசேஜ் வந்தா அதை நம்பி எழும்பி ஓடுற சனம்.

ஷெரோன்: அதுதான் அண்ணன் எனக்குப் பயம். நாளைக்கு விடிய ஐஞ்சு மணில இருந்து இதுதான் காவல். நானூத்திப் பன்னிரண்டு பேர். கீழ்வட்டை வயல்ல மாட்டுப் பட்டி வெச்சிரிக்கிறவங்க, வேளாண்மைக்காரர், தோணிக்காரர். மெசேஜ் வந்தா மாட்டை மேட்டுக்கு ஏத்துவாங்க. வரல்லண்டா?

சதீசன்: வரல்லண்டா பேசாம இருப்பாங்க.

ஷெரோன்: பேசாம இருப்பாங்க. வரல்லண்டா குளத்து வான்கதவு திறக்கல்ல எண்டுதான் அவங்களுக்கு அர்த்தம். புரோகிராம் செத்துக் கிடந்தாலும் மெசேஜ் வராது. தண்ணி இல்லாட்டியும் மெசேஜ் வராது. எது எண்டு அந்தச் சனத்துக்கு எப்படித் தெரியும்?

சதீசன்: ...தெரியாது.

ஷெரோன்: தண்ணி வந்து காலைத் தொட்டாத் தெரியும்.

பரீனா: என்ன ரெண்டு பேரும் ஆத்தைப் பார்த்துக்கிட்டு இரிக்கிறீங்க? மீன் பிடிக்கப் போறீங்களா?

ஷெரோன்: வேலை செய்யிறம் பரீனாக்கா.

பரீனா: இதுவா வேலை? சும்மா இரிக்கிறதா?

ஷெரோன்: ஓம். இண்டைக்கு ஒண்டையும் தொடாம இரிக்கிறதுதான் வேலை.

பரீனா: அப்படியெண்டா நம்மட ஆபீஸில முக்காவாசிப் பேர் நல்ல வேலைக்காரர்தான். இஞ்ச பாரு மகள், பாரம் எங்க எண்டு பெரிய சேர் கேட்கிறார். பன்னிரண்டு மணிக்குள்ள மேசைக்கு வரணுமாம். நாளைக்குத் திறப்பு விழா எல்லோ.

ஷெரோன்: எதைத் திறக்கிற?

பரீனா: உன்ட புரோகிராமைத்தான். சிவப்பு நாடா மூண்டு யார் நீளத்துக்கு வாங்கி வெச்சிரிக்கன்.

ஷெரோன்: நாடாவை எதில கட்டப் போறீங்க?

பரீனா: சேவர் அறைக் கதவுல. சேர் வெட்டுவார், படம் பிடிப்பாங்க, மறுகா சாப்பாடு.

சதீசன்: படம் பிடிக்கிறவனுக்குச் சாப்பாட்டுப் பார்சலும் சொல்லியாச்சு. மெசேஜ் போகுமா எண்டு மட்டும் ஆரும் கேட்கல்ல.

பரீனா: அதைக் கேட்கத்தானே உங்க ரெண்டு பேருக்கும் சம்பளம்? ...தம்பி, வாசல் கேட்டடியில சீனித்தம்பி அண்ணன் நிக்கிறார்.

ஷெரோன்: சனிக்கிழமையிலயுமா?

பரீனா: சேர் வந்திரிக்கார் எண்டு கேள்விப்பட்டு வந்திரிக்கார். இண்டைக்கும் ஒரு கடிதம். வாற கிழமையோட பதினொரு மாசம் மகள், அந்த வெள்ளத்துக்காக வேலையால நிப்பாட்டி. "அளவை நான் அனுப்பினன், அனுப்பினன்" எண்டு ஒரே கதை. பதினாறு வருஷம் குளத்தடியில நிண்டு தண்ணி அளவு பார்த்த மனிசன்... பாவம், சேட்டு எல்லாம் கிழிசல்.

ஷெரோன்: நான் அப்ப இஞ்ச இல்லியே பரீனாக்கா. விசாரணையில என்ன எழுதினாங்க?

பரீனா: நான்தானே டைப் அடிச்சன். "புரோகிராம் ஓடியது. குளத்திலிருந்து அளவு வரவில்லை." ரெண்டே வரி. பட்டிக்காரி கண்ணகைட எருமை நாப்பத்தொண்டும் அந்த ரெண்டு வரிக்குள்ள போயிட்டு. அவட புருஷன் மருத மரத்தில ஏறி, பின்னேரம் வரைக்கும் தொங்கிக்கிட்டு இருந்த. மெசேஜ் வரல்ல, அதனால எருமையோட ஆத்துக்கு இறங்கினன் எண்டுதான் அந்த மனிசனும் சொன்ன.

ஷெரோன்: புரோகிராம் ஓடினது எண்டு ஆர் சொன்ன?

பரீனா: இந்தா இரிக்காரே, சதீசன் தம்பி. வேற ஆருக்குத் தெரியும் அந்தச் சாமானைப் பத்தி?

சதீசன்: பரீனாக்கா, சேர் தேடப் போறார்.

பரீனா: போறன், போறன். ஏன் தம்பி முகம் கறுத்துப் போச்சு? ஒண்டும் செய்யாம இரிக்கிறது கஷ்டமான வேலைதான் போல. பாரத்தை மறக்காதீங்க!

ஷெரோன்: போயிட்டா. மூச்சு விடுங்க.

சதீசன்: அவட்ட எதுக்கு அதைக் கிண்டின?

ஷெரோன்: கேட்டன். ஏன், கேட்கக் கூடாதா?

சதீசன்: சீனித்தம்பி நல்ல மனிசன்தான். நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா வயசு போயிட்டு. மறதி. விடியக் குளிருக்க நிண்டுக்கிட்டு, அனுப்பினன் எண்டு நினைச்சிருப்பார்.

ஷெரோன்: ஆ.

சதீசன்: என்ன "ஆ"?

ஷெரோன்: ஒண்டுமில்ல. நீங்க சொல்லுறீங்க, நான் கேட்கிறன்.

சதீசன்: ......

ஷெரோன்: ......

சதீசன்: பதினொண்டு இருபத்தொன்பது.

ஷெரோன்: ம். பதினொண்டரை.

சதீசன்: ......

ஷெரோன்: ......

சதீசன்: வரல்லியே.

ஷெரோன்: வரல்ல.

சதீசன்: போன் கொம்பனி சில நேரம் பிந்தும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்...

ஷெரோன்: பார்ப்பம்.

சதீசன்: கவிண்டிட்டு போல, உன்ட முன்னூறு வரியும். நான் சொன்னன். சொன்னனா இல்லையா?

ஷெரோன்: சொன்னீங்க. நீங்கதான் வெண்டீங்க. நான் போய்ச் சேரிட்டச் சொல்லுறன், நாடாவைச் சுருட்டி வைக்கச் சொல்லி. இனி ஒரு மாசம் தள்ளித்தான்.

சதீசன்: ஒரு மாசமா?

ஷெரோன்: குறைஞ்சது. அது வரைக்கும் உங்கட பழசே ஓடட்டும். சந்தோசம்தானே?

சதீசன்: சந்தோசம்... எனக்கென்ன. ஒரு மாசம் எண்டா... மார்கழி முழுக்கவா?

ஷெரோன்: மார்கழி முழுக்க. என்ன அண்ணன், வேர்க்குது?

சதீசன்: இரி... மனிசி கோல் எடுக்கிறா.

ஷெரோன்: சத்தம் வரல்லியே.

சதீசன்: சத்தத்தைக் குறைச்சு வெச்சிரிக்கன். ஹலோ... ஓம்... சொல்லு, சொல்லு.

ஷெரோன்: எங்க எழும்பிப் போறீங்க?

சதீசன்: அங்கால நிண்டாத்தான் விளங்கும்... ஓம்... தேங்காயா? எத்தின? ...இரி, எழுதுறன்... ரெண்டு. ஓம். ரெண்டு தேங்காய். சரி, வை.

ஷெரோன்: முடிஞ்சா?

சதீசன்: முடிஞ்சு. கறிக்குத் தேங்காய் இல்லியாம்... பார், பார்! உன்ட போன் அடிக்குது!

ஷெரோன்: "குளத்து நீர்மட்டம் எச்சரிக்கை அளவைத் தாண்டியுள்ளது. இது சோதனைச் செய்தி." பதினொண்டு முப்பத்திமூண்டு.

சதீசன்: என்டதுக்கும் வந்திட்டு. பார்த்தியா? மூண்டு நிமிஷம் பிந்தினாலும் வந்திட்டா இல்லையா? எடு பாரத்தை.

ஷெரோன்: குப்பை எண்டீங்க.

சதீசன்: குப்பைதான். ஓடுற குப்பை. எடு, சேர் பார்த்துக்கிட்டு இருப்பார்.

ஷெரோன்: நீங்க முதல் போடுங்க.

சதீசன்: பேனையைத் தா. இந்தா... போட்டாச்சு. திகதியும் போட்டன்.

ஷெரோன்: மேல என்ன எழுதியிரிக்கு எண்டு வாசிங்களன்.

சதீசன்: உனக்கு வாசிக்கத் தெரியாதா? "எவருடைய கையும் படாமல் மூன்று முறை இயங்கியதை உறுதிப்படுத்துகிறோம்."

ஷெரோன்: படாம.

சதீசன்: ஓம், படாம.

ஷெரோன்: நல்லம். அண்ணன், நான் இண்டைக்கு எட்டு மணிக்கே வந்திட்டன். வந்து என்ட புரோகிராமைச் சேவரில இருந்து எடுத்திட்டன்.

சதீசன்: ...எடுத்தெண்டா?

ஷெரோன்: எடுத்தெண்டா எடுத்ததுதான். அங்க அது இப்ப இல்ல. பதினொண்டரைக்கு எழும்புறதுக்கு உள்ளுக்க ஒண்டுமே இல்ல. இல்லாத புரோகிராம் மெசேஜ் அனுப்பியிரிக்கு. அதுக்கு ரெண்டு தேங்காயும் வேணுமாம்.

சதீசன்: பொறி வெச்சிரிக்காய் எனக்கு.

ஷெரோன்: ஓம்.

சதீசன்: அண்ணன் எண்டு கூப்பிட்டுக்கிட்டே...

ஷெரோன்: அண்ணன் எண்டு கூப்பிட்டதாலதான் ரெண்டு நாள் என்னையே பைத்தியம் எண்டு நினைச்சன்! வியாழக்கிழமை மெசேஜ் வந்தது. புரோகிராமிட பதிவில ஓடினதா ஒரு வரி இல்ல. பதிவுதான் பிழை எண்டு நேத்து முழுக்கத் தேடினன். கடைசியில பார்த்தா, நான் என்ட பேரில சேவருக்கு உள்ள இருந்து தட்டினா ஓடுது. நான் வெளியேறினா, குளத்து அளவு எந்த இடத்தில கிடக்கு எண்டே அதுக்குத் தெரியல்ல. வியாழனும் ஓடல்ல, நேத்தும் ஓடல்ல. ஓடாததுக்கு நீங்க மெசேஜ் அனுப்பி, என்னைப் பாஸ் பண்ணியிரிக்கிறீங்க.

சதீசன்: உனக்கு உதவிதானே செஞ்சன்...

ஷெரோன்: உதவி! நாளைக்கு விடிய அந்தச் செத்த சாமானை நானூத்திப் பன்னிரண்டு பேருக்குக் காவலுக்கு நிப்பாட்டியிருப்பம். நாடாவும் கட்டி.

சதீசன்: நான் பின்னால நிண்டு பார்த்திருப்பன்கா. அது போகல்லண்டா நான் அனுப்பியிருப்பன். என்ட போன்ல கொம்பனிட இணையப் பக்கத்தைத் திறந்தா பட்டியல் இரிக்கு. ஒரு அமத்துத்தான்.

ஷெரோன்: எவ்வளவு காலமா பின்னால நிக்கிறீங்க? பழைய மெசேஜ் போன நேரமெல்லாம் எடுத்துப் பார்த்தன். ஐஞ்சு நாலு. ஐஞ்சு பதினொண்டு. நாலு அம்பத்தெட்டு. தைப்பொங்கலண்டைக்கு ஐஞ்சு இருபது. மெசினுக்கு ஐஞ்சு எண்டா ஐஞ்சுதான். பொங்கிப் படைச்சிட்டா வருகுது அது?

சதீசன்: ...சேவர் மாத்தின நாள்ல இருந்து.

ஷெரோன்: ரெண்டு வருஷமா?

சதீசன்: ரெண்டு வருஷம். உன்ட அதே பிழைதான். நான் உள்ள இருந்தா ஓடும், எழும்பிப் போனா நிண்டிரும். அப்ப பலகை அடிச்சுக் குடுத்து ஒரு மாசம்தான். ஓடல்ல எண்டு ஆரிட்டப் போய்ச் சொல்ல? திருத்தும் மட்டும் போனால அனுப்புவம் எண்டு நினைச்சன். திருத்த ஒண்ணாமப் போயிட்டு. ஒவ்வொரு நாளும் விடிய ஐஞ்சுக்கு எழும்பி அளவைப் பார்க்கணும். கூடியிருந்தா அனுப்பணும். மச்சினன்ட கலியாணத்துக்கு எல்லாரும் வவுனியாவுக்குப் போனாங்க. நான் போகல்ல. வழியில சிக்னல் இல்லாமப் போனா...

ஷெரோன்: பரிதாபப்படச் சொல்லுறீங்களா?

சதீசன்: இல்ல. வாயால குப்பை எண்டனே தவிர, உன்ட புரோகிராம் ஓடணும் எண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து வெச்சிரிக்கன்.

ஷெரோன்: நேர்ந்தும் வெச்சு, பிள்ளையாரை நம்பாம நீங்களே வரத்தையும் குடுத்திட்டீங்க. அளவு கூடின நாள் எல்லாத்துக்கும் ஒரு மெசேஜ் போயிரிக்கு அண்ணன். முந்தியோ பிந்தியோ, போயிரிக்கு. ஒரு நாளுக்கு மட்டும் இல்ல. எருமை நாப்பத்தொண்டும் போன நாளுக்கு. சீனித்தம்பி அண்ணன் அனுப்பின அளவு அண்டைக்கு நாலு நாப்பதுக்கே சேவருக்கு வந்திரிக்கு. இப்பவும் கிடக்கு, ஒரு எழுத்து மாறாம. "புரோகிராம் ஓடியது, அளவு வரவில்லை" எண்டு நீங்க சொல்லக்குள்ளயும் அது அங்கதான் கிடந்தது.

சதீசன்: என்னை என்ன செய்யச் சொல்லுற?

ஷெரோன்: அவர் கேட்டடியில நிக்கிறார். சேர் உள்ளுக்க இரிக்கார். நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லவா?

சதீசன்: ......

ஷெரோன்: அண்டைக்கு என்ன நடந்தது? போன் பழுதா? சிக்னல் இல்லியா? வீட்டில அக்காவுக்குச் சுகமில்லாமக் கிடந்ததா? ஒரு காரணம் சொல்லுங்க அண்ணன். ஏதாவது ஒண்டு. நானும் சேர்ந்து வந்து சொல்லுறன்.

சதீசன்: காரணம்... அதுதான்கா இல்ல. ஐஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சது. எனக்குக் கேட்டது. மூண்டு நாளா அளவு கூடல்ல, இண்டைக்கும் கூடியிருக்காது எண்டு நினைச்சன். கையை நீட்டி அதை நிப்பாட்டிப் போட்டு, போர்வையை இழுத்து மூடினன்.